கத்திரி வெயிலில் ஸ்வெட்டர்

போன வருஷம் மே மாதம் அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த நாட்களில், திருச்சியில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கூட்டுறவு வங்கியில் கேஷ் கவுண்டர். தலைக்கு நேர் மேலே ஏசி. வெயிலில் வெந்துபோய் உள்ளே வருகிற வாடிக்கையாளர்கள் "அப்பாடா" என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கோ பல் தந்தியடிக்கும். நோட்டு எண்ண விரல் நனைக்கும் ஸ்பாஞ்சைத் தொட்டாலே ஐஸ் கட்டியில் கை வைத்த மாதிரி கூசும். மெஷின் இருந்தாலும் கையால் ஒரு தரம் எண்ணிவிட்டுத்தான் கொடுப்பது என் வழக்கம். அந்த மாதம் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு போவதே தெரியவில்லை. ஒருநாள் மாலை கணக்கு முடிக்கும்போது 500 ரூபாய் குறைந்தது. கைக்காசு போட்டுக் கட்டினேன். 22 வருஷமாக எண்ணிய விரல்களை நானே நம்ப முடியவில்லையே என்று பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ராத்திரி வேறு மாதிரி. இரண்டு மணி வாக்கில் நெஞ்சிலிருந்து அனல் கிளம்பிக் கழுத்து, காது, முகம் என்று ஏறும். போர்வையை உதைத்துத் தள்ளுவேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்வை. அது அடங்கியதும் குளிர் பிடிக்கும். தாடை தானாக ஆடும், பாதம் சில்லிட்டுவிடும். ஃபேனை நிறுத்தி, போர்வைக்கு மேல் ஜமுக்காளத்தையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடப்பேன். அவர் பாவம், வேர்த்து வடிய எழுந்து ஹாலில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அப்போது எனக்கு 47 வயது. ஒரு வருஷமாகவே தூரம் ஒழுங்கில்லை. சில சமயம் 20 நாளில் வரும், சில சமயம் 50 நாள் தள்ளிப்போகும். வந்தால் 10, 12 நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகும். அத்தை சுக்குக் காபி போட்டுக் கொடுத்து, "நிக்கிற வயசுல அப்படித்தாம்மா இருக்கும், எனக்கும் ஆட்டி வச்சிட்டுத்தான் போச்சு" என்றார். நான் முதலில் காட்டிய டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். "மெனோபாஸ்மா. ரெண்டு மூணு வருஷம் இருக்கும், பொறுத்துக்கணும்." கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாடி பிடித்துப் பார்க்கவில்லை, எத்தனை நாள் போகிறது என்று கேட்கவில்லை. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது என்பதால் அவர் சொன்னது வயதுக்குப் பொருந்தத்தான் செய்தது. நானும் நம்பிவிட்டேன்.

மகள்தான் விடவில்லை. "குளிருது, முடி கொட்டுது, வெயிட் போடுது, தைராய்டு பாரும்மா" என்று அவளே லேபுக்கு அழைத்துப் போனாள். டிஎஸ்எச், அதாவது தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன், 3.6. தைராய்டு குறைந்தால் இந்த எண் பொதுவாகக் கூடும். ரிப்போர்ட்டில் எல்லாம் அளவுக்குள். சரி, அப்போ இது அந்த வயசுக் கோளாறுதான் என்று ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த ரிப்போர்ட்டால் எனக்கு மூன்று மாதம் வீணாய்ப் போனது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஆடி வெள்ளிக்கு மலைக்கோட்டை ஏறினோம். வருஷா வருஷம் ஏறுகிற படிதான். தாயுமானவர் சன்னதிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கண் இருட்டியது. உச்சிப் பிள்ளையாரைப் பார்க்காமலே இறங்கினேன். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன இன்னொரு டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திவிட்டு, ரத்தம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்தார். முழங்கையின் வறண்ட தோலைத் தடவினார். நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகால் நரம்பில் சின்ன சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளி, மெதுவாகத்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது. "பாத்தீங்களா, எவ்வளவு நிதானமா இறங்குது" என்று என் கணவரிடம் காட்டினார். தைராய்டு குறைந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்.

தைராய்டு ரிப்போர்ட் நார்மல் என்று ஃபைலை நீட்டினேன். அதைப் புரட்டிவிட்டு, "முடிக்கு ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். கைப்பையில் இருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். முடி கொட்டுகிறது என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய பயோட்டின், 10 மில்லிகிராம். மாத்திரை என்றே அதை நான் கணக்கில் வைக்கவில்லை, சத்துதானே என்று நினைத்திருந்தேன். டிஎஸ்எச் பார்க்கும் முறைகள் பலவற்றில் பயோட்டினே ஒரு பசை மாதிரிப் பயன்படுகிறது. ரத்தத்தில் அது ஏற்கெனவே நிறைய இருந்தால் அந்தப் பசை சரியாக ஒட்டாமல் டிஎஸ்எச் உண்மையான அளவை விடக் குறைவாகக் காட்டிவிடும். கூடியிருக்க வேண்டிய எண் நார்மல் மாதிரி வந்து நிற்கும். இரண்டு நாள் நிறுத்தினாலே பெரும்பாலும் போதும், எதற்கும் ஒரு வாரம் நிறுத்திவிட்டுக் கொடுங்கள் என்றார்.

ஒரு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்: டிஎஸ்எச் 14.2. ஹீமோகுளோபின் 8.7. ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு, வெறும் 6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டிஎஸ்எச் சாதாரணமாக நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டும்.

எனக்கு ஏன் குளிர்ந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஒன்று இல்லை, மூன்று காரணம், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு. மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதால், உடம்புச் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி தொட்டாற்சுருங்கி மாதிரி ஆகிவிடுகிறது. இம்மி சூடு ஏறினாலும் தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டு வியர்க்க வைக்கும். வியர்வை காயும்போது தேவைக்கு மேல் சூடு இறங்கிவிடும். அதை ஈடுகட்டத்தான் நடுக்கம். ராத்திரி இரண்டு மணிக் குளிர் இதுதான். பகல் குளிர் இந்தக் கணக்கில் வராது. நாள்பட்ட ரத்தப்போக்கில் இரும்பு காலியாகி, உடம்புக்குப் போதிய பிராணவாயு போகாமல் சூடு உண்டாவதே குறைந்திருந்தது. உடம்புச் சூட்டைத் தூண்டும் ஹார்மோனைச் செய்ய தைராய்டு சுரப்பிக்கும் இரும்பு வேண்டும். தைராய்டு குறைந்தாலோ மாதவிலக்கு இன்னும் அதிகமாகப் போகும். "அடுப்புல விறகும் ஈரம், ஊதுறதுக்கும் ஆள் இல்ல, அப்புறம் எப்படிம்மா சூடு வரும்?" என்றார் டாக்டரம்மா. தைராய்டுக்கு எதிராக உடம்பே வேலை செய்கிற வகைதான் எனக்கு என்பது இன்னொரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஆகவே இரும்பு ஏறினாலும் தைராய்டு மாத்திரை தொடர வேண்டியிருக்கும்.

அடுத்த படிதான் எனக்குப் பயமாக இருந்தது. 45 வயதுக்கு மேல் இப்படிக் கண்டபடி ரத்தம் போனால் கர்ப்பப்பையைப் பார்க்காமல் விடக்கூடாது என்றார். ஸ்கேனில் இரண்டரை சென்டிமீட்டரில் ஒரு சின்ன நார்க்கட்டி இருந்தது, உள்சவ்வும் தடித்திருந்தது. அந்தச் சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லை. மெல்லிய குழாய் உள்ளே போகும்போது, சின்ன வயதில் முதல் நாள் வலி வருமே, அதை இரண்டு பங்காக்கிய மாதிரி ஓர் இறுக்கு. எனக்கு ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா கை என்ன இப்படி ஜில்லுனு இருக்கு" என்றது. ரிசல்ட் வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. அத்தை சமயபுரத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். புற்று இல்லை என்று வந்தபோது எங்களை முந்திக்கொண்டு அழுதது அவர்தான்.

பிறகு மாத்திரை. இதில் என்ன சாப்பிடுகிறோம் என்பதை விட எப்போது சாப்பிடுகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. ஆறரைக்குத்தான் காபி. எழுந்ததும் ஃபில்டர் காபி குடித்தே பழகிய எனக்கு அந்த ஒரு மணி நேரம் முதல் வாரம் பெரும் பாடாக இருந்தது. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். நான் இரும்பை ஒன்றுவிட்டு ஒருநாள், பதினோரு மணிக்கு, எலுமிச்சைச் சாறோடு எடுத்தேன். டாக்டர் சொன்ன கணக்கு அது. தினமும் போடுவதை விட இப்படிப் போட்டால் குடல் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறதாம். ஆபீசில் பதினோரு மணி டீயை நிறுத்தினேன், டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மலச்சிக்கலுக்குக் கீரையும் கொய்யாவும் கைகொடுத்தன. தூரமான நாட்களில் போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் மாத்திரை. ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்கள் அதை எடுக்கக்கூடாது என்பதால் அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

ஆறாவது வாரம் டிஎஸ்எச் 6.1, ஹீமோகுளோபின் 10.4. எண்ணை விட என்னை நம்ப வைத்தது வேறொன்று. ஒரு புதன்கிழமை மதியம் கவுண்டரில் ஸ்பாஞ்சில் விரல் வைத்தேன், அது வெறும் ஈரமாக இருந்தது. கூசவில்லை. அந்த ஈரத்தை இரண்டு மூன்று தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஸ்வெட்டர் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டிய பிறகும், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் இரும்பை நிறுத்தாமல் எடுத்தேன்.

ராத்திரிக் குளிர் குறைந்தாலும் போகவில்லை. அது அந்த வயசுக்கு உரியதுதான். தலைமாட்டில் ஒரு பருத்தித் துண்டும் மாற்று நைட்டியும் வைத்துக்கொள்கிறேன். வியர்த்ததும் துடைத்து ஈரத்துணியை மாற்றிவிட்டால் பாதிக் குளிர் அங்கேயே நின்றுவிடுகிறது. ஜமுக்காளத்தைப் பரணில் ஏற்றியாயிற்று. கனமாகப் போர்த்தினால் அடுத்த அனல் சீக்கிரம் கிளம்புகிறது. மெல்லிய பருத்திப் போர்வை இரண்டு இருந்தால் வேண்டியபடி ஒன்றை இழுக்கலாம், ஒன்றைத் தள்ளலாம். சாயங்காலக் காபியையும் ராத்திரிக் காரக் குழம்பையும் விட்டது எனக்குப் பலன் தந்தது. அனல் தாங்க முடியாமல் போனால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது, ரத்தப்போக்கு முழுதாகக் கட்டுக்குள் வந்த பிறகு பேசலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

என்னைப் பார்த்து ஆபீசிலும் தெருவிலும் பேச்சு கிளம்பியது. கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம். ஒரு மேடத்துக்குக் கை கால் சில்லிட்டுப்போனது அவர் பிரஷருக்கும் படபடப்புக்கும் சாப்பிடும் அட்டெனலால் மாத்திரையால். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் இன்னொருவருக்குப் பி12 குறைந்து ரத்தசோகையும், பாதத்தில் மதமதப்பும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் திடீரென்று வேர்த்து நடுங்கினால், மெனோபாஸ் என்று இருந்துவிடாமல் அந்த நிமிஷமே சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும், தாழ்சர்க்கரையும் அதே மாதிரிதான் காட்டும். நடுக்கத்தோடு காய்ச்சலும் நீர்க்கடுப்பும் இருந்தால் அது தொற்று, அன்றைக்கே காட்ட வேண்டியது. வீட்டுக்கு வேலைக்கு வரும் செல்வி அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் ரத்தம் பார்த்து, இரும்பு மாத்திரையும் வாங்கி வந்தாள். அவளுக்கு ஹீமோகுளோபின் 7.9. அதோடுதான் தினம் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். எங்கள் தெருவிலேயே அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இதை எழுதும்போது நான் கடைசியாகத் தூரமாகி ஐந்து மாதம் ஆகிறது. பஞ்சாங்கக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் குறித்து வைத்திருக்கிறேன். முழுதாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் தள்ளிப்போடாமல் வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த டிஎஸ்எச் வரும் மாதம். அத்தை வேண்டுதலை இன்னும் செலுத்தவில்லை, தை பிறந்ததும் எல்லோருமாகச் சமயபுரம் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.