அப்ளை கொடுக்கும் முன் பிளானைப் படியுங்கள்

சர்வர், தரவுத்தளம் போன்றவற்றை நிரலாக எழுதிக் கட்டும் கருவி டெராஃபார்ம். அதன் நிரலை ரிவ்யூ செய்யும் பலர், மாறிய வரிகளைப் பார்த்ததும் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள். அது போதாது. ஒரே வரி மாறியதால் ஒரு சர்வர் முழுவதும் அழிந்து புதிதாக எழலாம். அந்த விபரீதம் வரியில் தெரியாது, என்னென்ன மாறப்போகிறது என்று டெராஃபார்ம் முன்கூட்டியே காட்டும் பிளானில்தான் தெரியும். அந்த மாற்றங்களை நிஜத்தில் செய்வது அப்ளை.

அமேசானின் ஆர்.டி.எஸ். தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். குறியாக்கம் இல்லாமல் ஓடும் ஒன்றுக்கு ‘ஸ்டோரேஜ் என்கிரிப்டட்’ என்பதை ட்ரூ ஆக்குகிறார் ஒருவர். பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இருக்கும் தரவுத்தளத்தை அப்படியே குறியாக்கம் செய்ய ஆர்.டி.எஸ். விடாது. ஆகவே பிளானில் அந்த ரிசோர்ஸுக்கு, அதாவது அந்தத் தரவுத்தளத்துக்கு, முன்னால் -/+ குறியும், வரியின் ஓரத்தில் ‘ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்’ என்ற குறிப்பும் வரும். பழையதை அழித்துவிட்டுக் காலியான புதியதைக் கட்டப்போகிறது என்று பொருள். ஸ்னாப்ஷாட் எனும் அப்போதைய பிரதியை எடுத்து, அமேசானின் சாவிச் சேவையான கே.எம்.எஸ். சாவியோடு அதைக் குறியாக்கம் செய்த நகலாக்கி, அந்த நகலிலிருந்து மீட்டெடுப்பதே சரியான வழி. டெலீஷன் புரொடெக்‌ஷன் போட்டிருந்தால் அமேசானே அழிப்பைத் தடுக்கும். அழிப்பைத் தடுக்க டெராஃபார்ம் தரும் ‘பிரிவென்ட் டெஸ்ட்ராய்’ அந்த அளவுக்குக் காக்காது. நிரலில் அந்த ரிசோர்ஸை எழுதிய பிளாக்கையே யாராவது நீக்கினால் காவலும் அதோடு போய்விடும்.

ஒரே மாதிரி இத்தனை வேண்டும் என்று சொல்லும் கவுண்ட் போட்டு மூன்று சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) உருவாக்கியிருந்தால் அவை 0, 1, 2 என்ற எண்களால் நினைவில் இருக்கும். பட்டியலின் முதல் பெயரை எடுத்தால் மற்ற இரண்டும் ஓரிடம் முன்னால் நகரும். தொடாத சப்நெட்டுகளையும் அழித்துக் கட்ட பிளான் தயாராகும். பெயரைச் சாவியாக வைக்கும் ஃபார் ஈச் முறையில் இந்தத் தொல்லை இல்லை. பிறகு அதற்கு மாறிக்கொள்வதானால், பழைய பெயர் எந்தப் புதிய பெயரானது என்று சொல்லும், டெராஃபார்ம் 1.1 பதிப்பில் வந்த மூவ்டு பிளாக்கைச் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஒப்புதல் பெற்ற பிளான் ஒன்று, ஓடுகிற பிளான் வேறு என்றால் ரிவ்யூவுக்கு மதிப்பே இல்லை. நிரலைத் தானாக ஓட்டும் பைப்லைனில் பிளானை அவுட் ஆப்ஷனோடு கோப்பாகச் சேமித்து, அதே கோப்பை அப்ளைக்குக் கொடுக்க வேண்டும். இடையில் ஸ்டேட் (எதையெல்லாம் கட்டியிருக்கிறோம் என்று டெராஃபார்ம் வைத்திருக்கும் பதிவு) மாறியிருந்தால், பிளான் பழையதாகிவிட்டது என்று டெராஃபார்ம் நிறுத்திவிடும். பிளான் கோப்பில் கடவுச்சொற்கள் இருக்கலாம் என்பதால் எல்லோரும் இறக்கிக்கொள்ளும் இடத்தில் போடக்கூடாது.

ஸ்டேட் கோப்புக்கும் அதே கவனம் வேண்டும். ‘சென்சிட்டிவ்’ என்று குறித்தால் திரையில் மறையுமே தவிர, ஸ்டேட்டுக்குள் கடவுச்சொல் அப்பட்டமாக இருக்கும். அதை வைக்கும் எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் கோப்புக் கிடங்கு) பழைய பதிப்புகளையும் காக்கும் வெர்ஷனிங் போட்டு, வாசிக்கும் உரிமையைச் சுருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் ஸ்டேட்டை மாற்றாமல் தடுக்கும் லாக்குக்கு அமேசானின் டைனமோ டிபி தரவுத்தளத்தில் தனி அட்டவணை வைப்பது பழைய வழக்கம், 1.10 பதிப்பிலிருந்து எஸ்3-யிலேயே லாக் கோப்பை வைத்துக்கொள்ளலாம். லாக் விடுபடவில்லை என்றதும் அதை வலிந்து திறக்கும் ஃபோர்ஸ் அன்லாக் அடிப்பது ஆபத்து. லாக்கைப் பிடித்திருக்கும் வேலை உண்மையில் செத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். நெட்வொர்க், தரவுத்தளம், செயலி மூன்றுக்கும் தனித்தனி ஸ்டேட் வைத்தால் ஒன்றில் நேரும் தவறு மற்றதைத் தொடாது.

அமேசானின் நிர்வாகத் திரையான கன்சோலில் மனிதர்களுக்கு வாசிக்கும் உரிமை போதும். எழுதும் உரிமை பைப்லைனுக்கு. ஒவ்வோர் இரவும் பிளானை ‘டீடெய்ல்டு எக்ஸிட் கோட்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள்: 0 என்றால் மாற்றமில்லை, 1 என்றால் பிழை, 2 என்றால் நிரலும் நிஜமும் விலகியிருக்கின்றன. ஆனால் ஸ்டேட்டில் இருப்பதை மட்டுமே அது ஒப்பிடும். கன்சோலில் புதிதாக யாரோ கட்டிய சர்வர் அதன் கண்ணில் படாது. அதை டேக் எனும் அடையாளக் குறிப்பு இல்லாத ரிசோர்ஸ்களின் பட்டியலில் தேட வேண்டும்.

நெருக்கடிக்கென்று எழுதும் உரிமையுள்ள ஒரு அவசர ரோல் இருக்கத்தான் வேண்டும். அதைப் பயன்படுத்தியவர் மறுநாளே மாற்றத்தை நிரலில் எழுத வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நள்ளிரவில் கையால் பெரிதாக்கிய ஆர்.டி.எஸ். சர்வரின் அளவு நிரலில் ஏறவில்லையென்றால், அடுத்த அப்ளை அதைச் சுருக்கச் சொல்லும். ‘அப்ளை இம்மீடியட்லி’ போடாதவரை அந்த நேரத்தில் எதுவும் நடக்காது. சில நாள் கழித்து பராமரிப்புக்கென ஒதுக்கிய மெயின்டனன்ஸ் விண்டோவில் தரவுத்தளம் நின்று, பழைய அளவில் எழும்.