பால்வழியின் நடுவில் இரவு இருட்டுமா?

பால்வழி மண்டலத்தின் மையத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கோளில் நின்று அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும்? பெரும்பாலானோர் முதலில் சொல்வது கருந்துளையைத்தான். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, சுற்றிலும் நெருப்பு வளையத்தோடு ஒரு கரிய வட்டம். அப்படி வரையப்பட்ட ஓவியங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வானத்தில் கண்ணுக்கே தெரியாத பொருள் கருந்துளைதான்.

சஜிடேரியஸ் ஏ ஸ்டார் என்ற அந்தக் கருந்துளைக்குச் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை. ஆனால் ஒளிகூடத் திரும்பி வர முடியாத அதன் எல்லையின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டரைக் கோடி கிலோமீட்டர்தான். புதன் சூரியனைச் சுற்றும் பாதைக்குள் தாராளமாக அடங்கிவிடும். ஒளி வளைவதால் அதன் நிழல் அதைவிட இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரியும், சரி, அதையும் சேர்த்துக்கொள்வோம். அப்படியும் ஒரு ஒளியாண்டு தள்ளி நின்றால், முழு நிலவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நிலவளவுக்குத் தெரிய வேண்டுமென்றால், சூரியனிலிருந்து புளூட்டோ மிக விலகிப் போகும் தூரம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தத் தூரத்துக்கு நாம் அதை நெருங்கியாக வேண்டும். அதோடு நம் கருந்துளை இப்போது மிக அமைதியாக இருக்கிறது. விழுங்குவதற்கு அதிகம் ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் ஒளிர்வும் குறைவு. 2022-ல் வெளியான அந்த ஆரஞ்சு வளையப் படம் ரேடியோ அலைகளில் எடுத்தது. கண்ணால் பார்த்தால் அந்தக் காட்சி கிடைக்காது.

அதனால் கருந்துளையை ஒதுக்கிவிட்டு விண்மீன்களுக்கு வருவோம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

மையத்தைச் சுற்றி 3.26 ஒளியாண்டு ஆரம் கொண்ட ஓர் உருண்டையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். அதற்குள் சுமார் ஒரு கோடி விண்மீன்கள் இருக்கும் என்பது மதிப்பீடு. அதே உருண்டையை நம் சூரியனைச் சுற்றி வரைந்தால் உள்ளே எத்தனை? சூரியன் ஒன்று மட்டும். அடுத்த விண்மீனான பிராக்சிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு தள்ளி, உருண்டைக்கு வெளியே நிற்கிறது. விண்மீன் அடர்த்தி என்று படிக்கும்போது மனதில் ஒன்றும் பதிவதில்லை, ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒரு கோடி என்று பார்த்த பிறகு என்னால் பழைய மாதிரி அதைக் கடந்து போக முடியவில்லை.

நம் சூரியனைப் போன்ற ஒரு சாதாரண விண்மீன் ஒரு ஒளியாண்டு தூரத்தில் இருந்தால் நமக்கு வியாழன் தெரியும் பிரகாசத்தில் தெரியும். அங்கே அப்படிப்பட்டவை ஏராளம், அதைவிட நெருங்கியவையும் ஏராளம். ஓரியன் விண்மீன் குழுவில் இருக்கிற ரீகல் போன்ற ஒரு நீலப் பெருவிண்மீன் ஒரு ஒளியாண்டு தள்ளி இருந்தால் முழு நிலவைப் போலப் பல மடங்கு வெளிச்சம் தரும். ஆனால் அது வட்டமாகத் தெரியாது, ஒரு புள்ளியாகத்தான் தெரியும். நிலவொளியில் விழும் நிழலுக்கு ஓரம் மங்கலாக இருக்கிறதல்லவா, அது நிலவுக்கு அகலம் இருப்பதால் வருவது. புள்ளியிலிருந்து வரும் ஒளியில் நிழலின் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். தரையில் உங்கள் தலைமுடி இழை இழையாகத் தெரியும். அதுவும் ஒரு நிழல் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கும் மைதானத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் காலடியிலிருந்தும் நாலு திசையில் நிழல் போகுமே, அதைப் போல, ஒவ்வொரு பெரிய விண்மீனுக்கும் ஒரு நிழல். நீல விண்மீனின் ஒளி விழாத இடத்தில் ஆரஞ்சு விண்மீனின் ஒளி விழுந்துகொண்டிருக்கும் என்பதால், நிழல்களே லேசாக நிறம் மாறித் தெரியும்.

நிறம் என்பது அங்கே பெரிய விஷயம். நம் வானத்தில் திருவாதிரை சிவப்பு, ரீகல் நீலம் என்று கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடும், மங்கலான விண்மீன்கள் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும், ஏனென்றால் குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. மையத்தில் அந்தத் தடை இல்லை. அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை வயதான விண்மீன்கள், ஆரஞ்சும் சிவப்புமாக உப்பிப்போனவை. அவற்றுக்கு நடுவில், கருந்துளையிலிருந்து ஒன்றரை ஒளியாண்டுக்குள், நூற்றுக்கும் மேற்பட்ட இளம் நீல விண்மீன்கள். வயது சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். கருந்துளையின் ஈர்ப்பு வாயு மேகங்களைக் கிழித்துப்போடும் இடத்தில் இவை எப்படிப் பிறந்தன என்பது பல ஆண்டுகளாக வானியலாளர்களைக் குடையும் கேள்வி.

சரி, மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சம்? மையத்தில் நெருக்கியடித்து நிற்கும் அந்த விண்மீன் கூட்டம் உமிழும் ஆற்றல் சுமார் 2 கோடி சூரியன்களுக்குச் சமம், அதில் பெரும்பகுதி புற ஊதாவாகப் போய்விடும். மிச்சமுள்ள கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்து, ஒன்றரை ஒளியாண்டு தூரத்தில் நிற்பவருக்கு எவ்வளவு வரும் என்று தோராயமாகக் கணக்கிட்டால் நூறு முழு நிலவுகள் என்ற அளவில் வந்து நிற்கிறது. பகல் அளவுக்கு அது போதாது. சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் இருக்குமே, அந்த அந்தி வெளிச்சம். புத்தகம் படிக்கலாம், எதிரில் வருபவரின் முகம் தெரியும். நம்முடையது போன்ற காற்று மண்டலம் இருந்தால் வானம் கறுப்பாக இருக்காது, அடர்நீலமாக இருக்கும். அந்த நீலத்தில் இடைவெளி இல்லாமல் விண்மீன்கள். அந்தி வந்து அப்படியே நின்றுவிடும், அதற்கு மேல் இருட்டாது.

இன்னொன்று, விண்மீன் குழுக்கள். நாம் பார்க்கிற ஓரியனைத்தான் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இருந்தவர்களும் பார்த்தார்கள். நம் வானத்தில் வேகமாக நகர்வதாகப் பெயர் வாங்கிய பெர்னார்டு விண்மீன்கூட நிலவின் அகலத்தைக் கடக்க சுமார் 180 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. மையத்தில் விண்மீன்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன, ஒன்றுக்கொன்று மிகப் பக்கத்திலும் இருக்கின்றன. ஒளியாண்டில் இருபதில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் விண்மீன் நொடிக்கு 200 கிலோமீட்டரில் குறுக்கே போனால் ஒரே ஆண்டில் நிலவின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நகர்ந்துவிடும். குழந்தையாக இருந்தபோது பார்த்த குழு, அந்தக் குழந்தை பெரியவளாகும்போது கலைந்துபோயிருக்கும். வானத்தை வைத்துத் திசையோ பருவமோ சொல்லும் பழக்கமே அங்கே உருவாகியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் வெறும் கற்பனை இல்லை. மையத்துக்கும் நமக்கும் சுமார் 26,000 ஒளியாண்டு, இடையில் அவ்வளவு தூசு. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்து சேர்கிறது. ஆனால் அகச்சிவப்பில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. அந்த ஜன்னல் வழியாகத்தான் 1990-களிலிருந்து வானியலாளர்கள் இருவரின் குழுக்கள், ரைன்ஹார்ட் கென்ஸெலின் குழு சிலியிலிருந்தும், ஆண்ட்ரியா கேஸின் குழு ஹவாயிலிருந்தும் அந்த விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை கருந்துளையைச் சுற்றி வருகிறது. 2018 மே மாதம் அது மிக நெருங்கிப் போனபோது வேகம் நொடிக்கு 7,700 கிலோமீட்டருக்குப் பக்கம். இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு விண்மீனின் முழுச் சுற்றையும் பார்த்து முடிக்க ஒன்றரைப் பதிற்றாண்டு காத்திருந்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

சரி, அந்த வானத்தின் கீழ் வாழ ஆசையா என்று கேட்டால், இல்லை. பக்கத்தில் போகும் விண்மீன்கள் கோளின் பாதையையே கலைத்துவிடலாம், கதிர்வீச்சு வேறு. அதையெல்லாம் தாண்டி எனக்கு உறுத்துவது, அங்கிருந்து வெளியே எதுவும் தெரியாது என்பது. நாம் வெறுங்கண்ணால் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தைப் பார்க்கிறோம். ஒரு மங்கலான திட்டுதான், ஆனால் அது தெரிய இருட்டு வேண்டும். 1920-களில் எட்வின் ஹபிள் அதன் தூரத்தைக் கணித்து அது வேறொரு மண்டலம் என்று காட்டினார். மையத்தில் இருப்பவருக்கு அந்தத் திட்டு இல்லை, வானத்தின் குறுக்கே ஓடும் பால்வழிப் பட்டையும் இல்லை. தொலைவில் இருப்பவை எல்லாம் பக்கத்து வெளிச்சத்தில் கரைந்துபோயிருக்கும்.

எனக்கு ஒரு இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மையத்தைக் கேட்க மாட்டேன். பால்வழியின் தட்டுக்கு மேலே இருபதாயிரம் ஒளியாண்டு உயரத்தில், தனியாகத் திரியும் ஒரு விண்மீனின் கோள் போதும். தூசு குறுக்கே வராது. நடுவில் மஞ்சள் மேடு, சுற்றிலும் சுருள் கைகள் என்று முழு மண்டலமும் வானத்தின் பெரும்பகுதியை நிறைத்துக்கொண்டு தெரியும். ஆனால் சுருள் கைகள் படங்களில் பார்ப்பது போலப் பளிச்சென்று இருக்காது. பரந்து கிடக்கும் பொருளை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் அதன் மேற்பரப்பின் பிரகாசம் மாறாது. அதோடு தட்டை மேலிருந்து பார்க்கும்போது நம் பார்வைக்கோட்டில் விழும் விண்மீன்கள் குறைவு என்பதால், நம் பால்வழிப் பட்டையைவிடவும் அவை மங்கலாகத்தான் தெரியும். அங்கேயும் விளக்குகளை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.