கோப்ராவுக்குப் பெட்ரோல் பத்தவில்லை: 48 சதவீதத்தை நம்பி நான் பட்ட பாடு

டைனோவில் (வண்டியை உருளைகள் மேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி) வண்டி 5,400 ஆர்பிஎம்மைத் தொட்டதும், இன்ஜின் கம்ப்யூட்டரைச் சரிசெய்து தரும் டியூனர் சட்டென்று காலை எடுத்துவிட்டார். அதுவரை 11.6-ல் நேராகப் போய்க்கொண்டிருந்த காற்று-பெட்ரோல் விகிதக் கோடு 12.9 வரை ஏறியிருந்தது. சூப்பர்சார்ஜர் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் நேரத்தில் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். அவர் கவனித்துக் காலை எடுத்ததால் இன்ஜின் பிழைத்தது. எனக்கு 70 மைல் பயணமும் அரை நாள் டைனோ கட்டணமும் போச்சு. சரி, ஒரு தடவைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாவது தடவையும் அதே கூடத்தில் நின்றபோதுதான் உண்மையிலேயே உடைந்துபோனேன்.

வண்டி 2003 மஸ்டாங் எஸ்விடி கோப்ரா. ஹூஸ்டனில் வைத்திருக்கிறேன். 4.6 லிட்டர் வி8, ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், கம்பெனி கணக்கில் 390 குதிரைத்திறன், 8 பிஎஸ்ஐ. என்னிடம் விற்றவர் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் புல்லியை 2.93 அங்குலத்துக்கு மாற்றி, பூஸ்ட்டை, அதாவது திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, 12-க்கு ஏற்றியிருந்தார். ஆனால் பெட்ரோல் பக்கம் எதையும் தொடவில்லை. வாங்கும்போது நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கணக்கு எளிது. சூப்பர்சார்ஜர் வண்டிக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.62 பவுண்டு பெட்ரோல் வேண்டும். கிராங்கில், அதாவது சக்கரத்துக்குப் போகும் முன் இன்ஜினிலேயே, 530 வரும் என்று வைத்தால் மணிக்கு 330 பவுண்டு. எட்டால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 41. வண்டியோடு வந்தவை 39 பவுண்டு இன்ஜெக்டர்கள், நூறு சதவீதம் திறந்தே இருந்தாலும் பத்தாது. அதனால் 60 பவுண்டு இன்ஜெக்டர் வாங்கினேன். மாற்றுவதற்கு ஒரு சனிக்கிழமை போதுமாயிருந்தது. பிளக் மட்டும் பொருந்தவில்லை, எட்டு அடாப்டர் தனியாக வாங்க வேண்டியிருந்தது. ஆர்டர் போடும்போதே படத்தில் பிளக்கின் வடிவத்தைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, பல இன்ஜெக்டர்களின் அளவை 43.5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எடுத்து எழுதுகிறார்கள். இந்த வண்டி ஓடுவது சுமார் 39-ல். அப்போது 60 என்று போட்டிருப்பது நிஜத்தில் 57தான் தரும். டியூனரிடம் இன்ஜெக்டரின் முழுத் தரவையும் கொடுத்துவிட வேண்டும்.

பம்பை ஏன் அப்போதே மாற்றவில்லை? இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களைக் காட்டும் என் போன் ஆப்தான் காரணம். இந்த கோப்ராவில் ரிட்டர்ன் லைன், அதாவது மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய், கிடையாது. டேங்குக்குள் இரண்டு பம்பு. அவை எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டர், டிக்கியில் இருக்கும் பம்பு டிரைவர் மாட்யூலுக்குச் சொல்லும். அந்தக் கட்டளை ஆப்பில் டியூட்டி சைக்கிள் என்று சதவீதமாக வரும். ஒரு தடவை நன்றாக மிதித்துப் பார்த்தேன், 48 என்று காட்டியது. பம்பு பாதி பலத்தில்தான் ஓடுகிறது, இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

டைனோவில் டியூனர் அதே எண்ணைப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சுபோச்சு" என்றார். ஃபோர்டின் இந்த அமைப்பில் கம்ப்யூட்டர் அனுப்பும் எண்ணை மாட்யூல் இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் 50 என்று கேட்டால் பம்பு 100. ஆக 48 என்றால் பம்பு ஏற்கெனவே உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் முதல் பயணம் வீணாகியிருக்காது. ரிட்டர்ன் இல்லாத ஃபோர்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஃபோர்டு ஜிடி காரின் பம்புகள் இரண்டு வாங்கினேன். கோப்ராவின் பம்புக் கூட்டிலேயே உட்காரும் என்பதால் பலரும் அதைத்தான் போடுகிறார்கள். டேங்கை இறக்க வேண்டும். டைனோவுக்காக 93 ஆக்டேன் நிரப்பியிருந்தேன், கிட்டத்தட்ட 13 கேலன் அப்படியே இருந்தது. எண்பது பவுண்டு பெட்ரோல் உள்ளே அலைய, ஜாக் மேல் வைத்து டேங்கை இறக்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். முன்பக்கம் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) லைனைக் கழற்றி, அதில் குழாய் மாட்டி, வண்டியின் பம்பை வைத்தே மூன்று கேன்களில் காலி செய்தேன். எங்கள் கராஜில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருக்கிறது, அதன் சிறு சுடர் எந்நேரமும் எரியும். அதனால் வண்டியை வெளியே தள்ளிவிட்டுத்தான் லைனைத் தொட்டேன். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பம்பையும் கூட்டின் மூடியையும் இணைக்கும் சிறு குழாய்க்காக உதிரிபாகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவரிடம் டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கி இருக்கும் குழாய் வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் கணினியைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாப் பெட்ரோல் குழாயும் ஒன்றுதான் என்று சொல்லி ஒரு அடி வெட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தால், கறுப்பு ரப்பரின் மேல் பொடி வெள்ளை எழுத்தில் 30ஆர்9 என்று இருக்கிறது. அது உள்ளே பெட்ரோல் ஓடுவதற்கான குழாய், வெளிப்பக்கம் பெட்ரோலில் ஊறினால் நாளாக நாளாக ரப்பர் கெட்டு உப்பி வெடிக்கும். மூழ்கி இருக்க வேண்டியது 30ஆர்10. விலை பல மடங்கு, கடையில் இருப்பு இல்லை, ஆர்டர் போட்டு வர ஐந்து நாள். ஐந்து நாளும் டேங்க் தரையில் கிடந்தது. பரவாயில்லை. அந்த எழுத்தைப் படிக்காமல் மாட்டியிருந்தால் ஒரு வருடம் கழித்து ஹைவேயில் நின்றிருப்பேன்.

கூட்டு மூடியின் கேஸ்கெட்டையும் சொல்லிவிடுகிறேன். பழைய கேஸ்கெட் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், கழற்றிய பிறகு பள்ளத்தில் திரும்ப உட்காராது. அழுத்தி உட்காரவைத்தேன். முழு டேங்க் போட்டதும் டிக்கியில் பெட்ரோல் வாடை. மறுபடி டேங்கை இறக்கினேன். டேங்கைத் திறக்கும் முன்பே புது கேஸ்கெட் கையில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து இரண்டாவது முறை டைனோ ஏறினால், இந்தத் தடவை 5,900-ல் பெட்ரோல் அழுத்தம் விழுந்தது. 39 இருக்க வேண்டிய இடத்தில் 31. கம்ப்யூட்டர் கேட்பது மறுபடி 49. புது பம்பிலேயே கோளாறு இருக்கலாம் என்றார் டியூனர். விற்றவரை அழைத்தால், மின்சார உதிரிபாகம் பெட்டி திறந்தால் திரும்ப எடுக்க மாட்டோம், வேண்டுமானால் ஒரு பட்டறையின் சான்று அனுப்புங்கள் என்றார்கள். மூன்று மின்னஞ்சல் போட்டேன், மூன்றுக்கும் அதே பதில் வந்தது.

என்னைக் காப்பாற்றியது கார் தெரிந்தவர் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணன் இருக்கிறார், பொள்ளாச்சிப் பக்கம். ஊரில் தோட்டத்துக் கிணற்று மோட்டார்களோடு வளர்ந்தவர். வருத்தத்தில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தம்பி, வோல்டேஜ் எங்கெ அளந்தீங்க?"

"பேட்டரியிலதாண்ணா. 13.9 இருக்கு."

"பம்பு எங்கெ இருக்குதுங்க?"

அந்தக் கேள்வியோடு எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரி முன்னால், பம்பு பின்னால். நடுவில் இருபது வருடப் பழைய மெல்லிய வயர். "லோ வோல்டேஜ்ல மோட்டார் ஓடும், தண்ணி மட்டும் ஏறாது" என்றார். ஏற்ற வேண்டிய உயரமும் இங்கே அதிகம். இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 39 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் 12 பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளும்போது ரெயிலில் 51 வேண்டும். வோல்டேஜ் குறைந்த பம்பு அந்த எதிர்ப்பில் திணறத்தான் செய்யும்.

மறுநாள் காலை மாட்யூலின் சப்ளை வயரில் இருந்து நீள வயர் இழுத்து, மல்டிமீட்டரை அண்ணன் மடியில் வைத்துக்கொண்டார். ஃபிரீவே ஏறும் ராம்ப்பில் மூன்றாவது கியரில் மிதித்தேன். 4,800-க்கு மேல் போகவில்லை. அவர் எண்களைப் படித்துக்கொண்டே வந்தார்: "பன்னெண்டரை... பன்னெண்டு... பதினொண்ணு புள்ளி ரெண்டு." வழியிலேயே கிட்டத்தட்ட மூன்று வோல்ட் காணாமல் போயிருந்தது.

டிக்கி லைனரைக் கழற்றினோம். மாட்யூல் கனெக்டரில் ஒரு பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் வட்டமாகத் துரு. வண்டி முன்பு சாலையில் உப்புப் போடும் பனி மாநிலத்தில் ஓடியது. அதையும் நான் யோசித்திருக்க வேண்டும்.

பேட்டரியில் இருந்து 10 கேஜ் வயர் இழுத்தோம், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். பழைய சப்ளை ரிலேவை இயக்க மட்டும். எர்த்துக்கும் அதே தடிமன், உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்த இடத்தில் முடுக்கினோம். கருகிய பின் மாற்றினோம். செலவு 60 டாலருக்குள். பழைய வயரை வைத்துக்கொண்டு ஃபியூஸை மட்டும் பெரிதாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். மறுபடி ராம்ப், மறுபடி மீட்டர். 13.4. அண்ணன் மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கியது.

மூன்றாவது டைனோ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 6,300 வரை 11.5 அசையவில்லை, அழுத்தம் 39-லேயே நின்றது, கம்ப்யூட்டர் கேட்டது 38 மட்டுமே. சக்கரத்தில் 452 குதிரைத்திறன். நான் திருப்பி அனுப்பப் போராடிய அதே பம்புகள்தான் உள்ளே இருக்கின்றன.

கிளம்பும்போது டியூனர், எத்தனால் அதிகம் கலந்த ஈ85 எரிபொருளுக்கு மாறச் சொன்னார். அதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கூடுதல் எரிபொருள் வேண்டும். அங்கேயே போனில் போட்டுப் பார்த்தேன். ஒரு இன்ஜெக்டருக்கு 55 பவுண்டு வருகிறது, என் இன்ஜெக்டர் தருவது 57. வேண்டாம் என்று சொல்லிவிட்டு 93 ஆக்டேன் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.