தொடர்பியல் சங்கத்தில் சேருமுன் உங்கள் பிரிவைத் தேடுங்கள்

மக்கள் பேச்சாலும் ஊடகத்தாலும் செய்தி பரிமாறுவதை ஆராயும் தொடர்பியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆண்டிலேயே, அத்துறையின் மூன்று சங்கங்களில் சந்தா கட்டிச் சேர்ந்தேன். தன்விவரக் குறிப்பில் மூன்று வரி கூடியது. ஆண்டு முடிவில் புதுப்பிக்கச் சொல்லி மூன்று மின்னஞ்சல்கள் வந்தபோதுதான், அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அங்கே யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது உறைத்தது. இரண்டை விட்டுவிட்டேன். வைத்துக்கொண்ட ஒன்றில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதில் சேர்வது என்று ஜூனியர்கள் கேட்டால், அந்தச் சங்கம் யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று முதலில் பார்க்கச் சொல்வேன். அமெரிக்காவின் தேசியத் தொடர்பியல் சங்கம் 1914இல் மேடைப்பேச்சு கற்பித்த ஆசிரியர்களால் தொடங்கப்பட்டது. சொல்லாட்சிக் கலைக்கு அங்கே இன்றும் தனி இடம் உண்டு. ஐசிஏ எனப்படும் பன்னாட்டுத் தொடர்பியல் சங்கம் 1950இல் உருவானது. கருத்தாய்வு, பரிசோதனை என்று எண்ணோடு வேலை செய்பவர்களைப் பெரும் எண்ணிக்கையில் அங்கே காணலாம். ஐஏஎம்சிஆர் எனப்படும் ஊடக, தொடர்பியல் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1957இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு பிறந்தது. ஊடகக் கொள்கை, அரசியல் பொருளாதாரம், சமுதாய வானொலி போன்ற சமுதாய ஊடகம் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது தாய்வீடு மாதிரி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றும் அதன் அலுவல் மொழிகள். ஆய்வை விட்டு மக்கள் தொடர்புத் துறையில் வேலைக்குப் போகப் போகிறவருக்கு இவற்றில் பெரிய பயன் இருக்காது. அவர்கள் 1970இல் தொடங்கப்பட்ட ஐஏபிசி (வணிகத் தொடர்பாளர்களின் பன்னாட்டுச் சங்கம்) போன்ற, பணியில் இருப்பவர்களுக்கான சங்கங்களைப் பார்க்கட்டும்.

சந்தாவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாணவர்களுக்குக் குறைந்த சந்தா உண்டு. ஐசிஏ, ஐஏஎம்சிஆர் இரண்டிலும் நாட்டின் வருமான நிலையைப் பொறுத்தும் தொகை மாறும். உங்கள் துறையே நிறுவன உறுப்பினராக இருக்கிறதா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உறுப்பினர் ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது முழுத் தொகை கட்டி நான் ஏமாந்திருக்கிறேன்.

இதையெல்லாம்விட முக்கியமானது பிரிவு. பெரிய சங்கம் என்பது உண்மையில் பல சிறு சங்கங்களின் கூட்டு. உடல்நலத் தொடர்பியல், அரசியல் தொடர்பியல், இதழியல், விளையாட்டு என்று ஐசிஏவில் மட்டும் முப்பதுக்கு மேல் பிரிவுகளும் ஆர்வக் குழுக்களும் இருக்கின்றன. முதல் ஆண்டில் நான் எந்தப் பிரிவையும் யோசித்துத் தேர்வு செய்யவில்லை. படிவத்தில் மேலே இருந்த பெட்டிகளில் டிக் அடித்துவிட்டு நகர்ந்தேன். என் ஆய்வு வானொலி நேயர்களைப் பற்றியது. எனக்கு வந்த மடல்களோ நிறுவன நிர்வாகம் பற்றியவை.

இரண்டாம் ஆண்டில் சரியான பிரிவுக்கு மாறி, மாநாட்டில் அதன் அலுவல் கூட்டத்துக்குப் போனேன். கட்டுரை வாசிக்கும் அமர்வுகள் முடிந்து, மாலையில் பாதிப் பேர் கிளம்பிய பிறகு நடக்கும் கூட்டம் அது. இருபது பேர் இருந்திருப்போம். எத்தனை கட்டுரைகள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்று தலைவர் படித்துக்காட்டினார். பிறகு, அடுத்த ஆண்டு வரும் கட்டுரைகளை மதிப்பிட ஆள் போதவில்லை, யாராவது வருகிறீர்களா என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன். மாணவி என்று யாரும் ஒதுக்கவில்லை. பெயரையும் ஆய்வுத் துறையையும் குறித்துக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, எழுதியவர் பெயர் மறைக்கப்பட்ட நான்கு கட்டுரைச் சுருக்கங்கள் மதிப்பீட்டுக்கு வந்தன. மூன்றாவதைப் படிக்கும்போதே எரிச்சல் வந்தது: பின்னணி, பின்னணிக்கும் ஒரு பின்னணி, ஆய்வுக் கேள்வியோ கடைசிப் பத்தியில். சட்டென்று முந்தைய ஆண்டு நிராகரிக்கப்பட்ட என் சுருக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் கேள்வி பதினோராவது வரியில் இருந்தது. அதை இரண்டாவது வரிக்குக் கொண்டுவந்து, முன்னால் இருந்ததில் பாதியை வெட்டினேன். அந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு வகுப்பில் பிடிபடாதது அந்த நான்கு சுருக்கங்களில் பிடிபட்டது.

கட்டுரை அனுப்பும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது. முதல் பக்கத்தில் பெயரை அழித்தால் போதாது; கோப்பின் பண்புகளிலும் நன்றியுரையிலும் பெயர் ஒளிந்திருக்கும். நெறியாளருக்கு நன்றி சொன்ன ஒரே வரியால் என் தோழியின் கட்டுரை மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பியது.

இன்னும் எதிலும் சேராதவர்கள் பணம் கட்டுவதற்கு முன், இரண்டு மூன்று சங்கங்களின் சென்ற மாநாட்டு நிகழ்ச்சி நிரலைத் தரவிறக்கி, உங்கள் ஆய்வின் முக்கியச் சொல்லைத் தேடிப் பாருங்கள். எந்தப் பிரிவின் கீழ் அது அடிக்கடி வருகிறதோ அந்தப் பிரிவின் தலைவருக்கு, உங்கள் ஆய்வைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்புங்கள். நான் எழுதியபோது மூன்றாம் நாளே பதில் வந்தது.