முத்திரை போட்ட இரண்டாவது பிரதி

பி.காம். இரண்டாம் ஆண்டு, மூன்றாவது பீரியட். அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்புக்குள் வந்து, "எஸ்.டி. ஸ்காலர்ஷிப் யார் யாரு, எந்திரிங்க" என்றார். அறுபது பேரில் நானும் குறும்பர் வீட்டுப் பெண் ஒருத்தியும் எழுந்தோம். கையிலிருந்த பட்டியலைப் பார்த்து எங்கள் பெயரையும் இனத்தையும் சத்தமாக வாசித்தார். பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர், "காட்டுக்குள்ள இருந்து வர்றவங்களுக்குக் கொடுத்துத்தானே ஆகணும், மார்க் வந்தா என்ன வராட்டி என்ன" என்றார். வகுப்பு சிரித்தது. அவருடைய பாடத்தில் அந்த செமஸ்டர் நான் வாங்கியிருந்தது 71.

நான் இருளர் பெண். எங்கள் ஊர் குஞ்சப்பனைக்குக் கீழே. அம்மா தேயிலை பறிக்கப் போகிறார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் இந்த நீலகிரியில் இருக்கிறோம். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில், மாநிலத்துப் பழங்குடிகள் எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம். அதற்காகத் தலைகுனிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்குக் குனிந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தமிழ்த்துறை மேடமிடம் சொன்னேன். அவர் உடனே போனில் ஒன்றைத் திறந்து காட்டினார். பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகள். வகுப்பில் மாணவரின் சாதியையோ பழங்குடியையோ அறிவிப்பது, இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவது, மதிப்பெண் குறைவுக்குப் பிறப்பைக் காரணம் காட்டிப் பேசுவது எல்லாமே அதில் பாகுபாடு என்று எழுதியிருக்கிறது. எனக்கு நடந்ததை யாரோ முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும், புகாருக்கு 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

எங்கள் கல்லூரியில் அந்த அலுவலரின் பெயர் நோட்டீஸ் போர்டில் இருந்தது, ஆள் இல்லை. முந்தின வருடமே ஓய்வு பெற்றிருந்தார். ராகிங் தடுப்புக் குழுவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, இது ராகிங் இல்லையே என்றார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் மேடம், "வாயால கேட்டுக்கிட்டே இருக்காதம்மா, காலேஜ் முதல்வர் பேருக்கு எழுதிக் கொடு" என்றார்.

எப்படி எழுதினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் நின்றது. முதலில் நான் எழுதியது நான்கு பக்கம், முழுக்க என் வருத்தம். மேடம் அதைப் படித்து, "இதை நீயே வச்சுக்கோ" என்று சொல்லி வேறு தாள் கொடுத்தார். தேதி, பீரியட், அறை எண், சொன்ன வார்த்தைகள் அப்படியே, உடன் இருந்தவர்கள், எந்த விதி மீறப்பட்டது, நான் கேட்பது என்ன. ஒரே பக்கத்தில் முடிந்தது. இரண்டு பிரதி எடுத்துத் தபால் பிரிவுக்குப் போனேன். ஒன்றை வாங்கிக்கொண்டு, "சரி, போம்மா" என்றார் எழுத்தர். நான் போகவில்லை. இரண்டாவது பிரதியை நீட்டிக்கொண்டே நின்றேன். மேஜை டிராயரைத் திறந்து, மை காய்ந்த ஸ்டாம்பை இரண்டு முறை அழுத்தி, வரிசை எண் போட்டுத் தந்தார். பாதி வட்டம்தான் விழுந்திருந்தது. தேதி மட்டும் தெளிவாக இருந்தது. எனக்கு அது போதும்.

அம்மாவுக்கு ஒரே பயம்: "காசு நின்னுடுமா?" உதவித்தொகை அரசிடமிருந்து நேராக என் வங்கிக் கணக்குக்கு வருகிறது, கல்லூரி கை வழியாக வருவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். குறும்பர் பெண் கையெழுத்துப் போடவில்லை. அவள் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

41-ஆம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். புதிதாகப் போட்ட அலுவலர் முதலில் கேட்டது, "பணம் கொடுக்கத்தானே பேரை வாசிச்சாங்க, அதுல என்ன?" நான் சொன்னேன், "பணம் அக்கவுண்டுக்கு வருது மேடம். பேரு வகுப்புல எதுக்கு?" அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு எழுதிக்கொண்டார். என் பக்கத்து பெஞ்ச் படுகர் தோழி சாட்சி சொல்ல வந்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. தானாக வந்து, தான் கேட்டதை வார்த்தை மாறாமல் சொன்னாள். அதை நான் மறக்க மாட்டேன்.

55-ஆம் நாள் சுற்றறிக்கை வந்தது. உதவித்தொகை தொடர்பாக வகுப்பில் யார் பெயரையும் வாசிக்கக் கூடாது, பதிவு எண்ணை மட்டும் வைத்து அவரவர் போனுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும், புதிய அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு மாடியிலும் ஒட்ட வேண்டும். ஆசிரியருக்கு எழுத்தில் எச்சரிக்கை. என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனுவில் எழுதியிருந்தேன், அது நடக்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

இந்த ஜூனில் அலுவலக ஜன்னலில் பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் பெண் ஒருத்தி நின்றிருந்தாள், முதலாம் ஆண்டு. உள்ளிருந்து பதிவு எண் மட்டும் கேட்டார்கள். சொன்னாள், படிவத்தை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.