எழுதித் தள்ளப்பட்ட கணக்கு: என் கடன் அறிக்கையைத் திருத்திய நான்கு மாதங்கள்

2018 ஆம் ஆண்டு நான் மூடிய ஒரு கிரெடிட் கார்டு, 2024 ஜூன் மாதம் எங்கள் வீட்டுக் கடன் விண்ணப்பத்தை நிறுத்தியது. தஞ்சாவூரில் என் கணவரும் நானும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தோம். பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி, சம்பளச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் கடன் பிரிவு அதிகாரி எங்களை அழைத்து, என் பெயரில் ஒரு கணக்கு 'ரிட்டன் ஆஃப்' என்று பதிவாகியிருப்பதாகவும், அது நீங்கும் வரை கோப்பை மேலே அனுப்ப இயலாது என்றும் சொன்னார். வசூலாகாது என்று எழுதித் தள்ளப்பட்ட கடன் என்பது அதன் பொருள். யாருக்கும் ஒரு தவணைகூடப் பாக்கி வைத்ததில்லை என்று நம்பியிருந்த எனக்கு, அதை என் கணவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது கேட்க நேர்ந்தது பெரிய வேதனையாக இருந்தது.

நம் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையை நாம் பொதுவாக 'சிபில் ஸ்கோர்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஜூன் 11 அன்று நான்கையும் எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் அதே பதிவு இருந்தது. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய அட்டை அது. 2018 ஆகஸ்டில் கடைசி பில்லான 4,360 ரூபாயைக் கட்டிவிட்டு, அட்டையை ரத்து செய்யும்படி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்துவிட்டேன். அந்த வங்கி அட்டையை மூடாமல், நவம்பரில் ஆண்டுக் கட்டணமாக 500 ரூபாயும் அதன் மேல் 90 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் போட்டிருக்கிறது. பில் பழைய சென்னை முகவரிக்கே போயிருக்கிறது. அந்த 590 ரூபாயின் மேல் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, 11,284 ரூபாய் ஆனதும் வராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள்.

முதலில் செய்தது, ஜூன் 12 அன்று ஒரு கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பதிவை மறுத்தது. அறிக்கையின் மேலே உள்ள கட்டுப்பாட்டு எண்ணைக் கொடுத்து, எந்தக் கணக்கில் எந்த விவரம் தவறு என்று குறிப்பிட்டால் போதும், கட்டணம் இல்லை. ஆனால் தகவல் நிறுவனம் எதையும் தானாகத் திருத்தாது. நம் மறுப்பை அந்த வங்கிக்கு அனுப்பும், வங்கி என்ன சொல்கிறதோ அதையே பதிவு செய்யும். ஜூலை 1 அன்று வந்த பதில், 'விவரம் சரியானதே என்று உறுப்பினர் உறுதி செய்துள்ளார்' என்பதுதான். உறுப்பினர் என்றால் அந்த வங்கி. என்னைப் பற்றிய தவறான தகவலைக் கொடுத்தவரிடமே அது தவறா என்று கேட்டு, அவர் இல்லை என்றதும் விஷயம் முடிந்தது.

இதற்கிடையே அந்த வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஒரு கோரிக்கை எண்ணைச் சொன்னார்கள், இரண்டு மூன்று நாளில், 'தங்கள் கோரிக்கை நிறைவு செய்யப்பட்டது' என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. எதை நிறைவு செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை. மூன்றாவது குறுஞ்செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என்னைப் பொறுத்தவரை புகார் என்பது தீர வேண்டிய குறை; அவர்களைப் பொறுத்தவரை அது குறிப்பிட்ட நாளுக்குள் மூட வேண்டிய ஒரு பதிவு. அவர்கள் பதில் சொல்லாமல் மூட முடிகிறதென்றால், நான் கேட்ட விதத்தில் அதற்கு இடம் இருந்திருக்கிறது.

ஜூன் மாத இறுதியிலேயே ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தைத் திறந்து பார்த்தேன். வங்கிகள் போன்ற நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்க 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி, முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில், அல்லது புகார் செய்ததற்குச் சான்று காட்டக்கூடிய வேறு வழியில், முறையிட்டிருக்க வேண்டும். அவர்கள் நிராகரித்தாலோ, திருப்தியில்லாத பதில் தந்தாலோ, 30 நாள் வரை பதிலே தராவிட்டாலோதான் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். படிவம் புகார் செய்த தேதியையும் அதன் நகலையும் கேட்டது. என்னிடம் இருந்தவை ஒரு காகிதத் துண்டில் கிறுக்கிய மூன்று எண்கள் மட்டுமே. அந்தப் புகாரில் நான் என்ன சொன்னேன் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த வாரங்களை நான் வீணாக்கிவிட்டேன் என்பதை அப்போது ஒப்புக்கொண்டேன். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற உறுதியில், அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த நான்கு இரவுகள் பழைய மின்னஞ்சல்களில் போயின. ரத்து கோரி நான் அனுப்பியது கிடைத்தது. அதற்குத் தானியங்கியாக வந்த ஒப்புகையும் கிடைத்தது. கடைசி பில்லைக் கட்டியதற்கு என் சேமிப்புக் கணக்கின் 2018 ஆகஸ்ட் அறிக்கையை வங்கிக் கிளையில் கேட்டு வாங்கினேன். இவற்றை வைத்து ஜூலை 5 அன்று எழுதிய கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. மனவேதனை, அலைச்சல் பற்றியெல்லாம் முதல் வரைவில் எழுதியிருந்ததை நீக்கிவிட்டு, தேதிகளை மட்டும் வரிசையாகக் கொடுத்தேன். பிறகு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய நான்கு கேள்விகளை எண்ணிட்டுக் கேட்டேன். 2018 ஆகஸ்டில் நான் அனுப்பிய ரத்துக் கோரிக்கை உங்களுக்கு வந்ததா, இல்லையா? வந்திருந்தால் எந்தத் தேதியில் அட்டையை மூடினீர்கள்? மூடவில்லையெனில் அதற்கான காரணத்தை எனக்கு எப்போது தெரிவித்தீர்கள்? 590 ரூபாய்க் கட்டணம் எந்தப் பயன்பாட்டுக்காக விதிக்கப்பட்டது? 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிக்காமல், என்ன வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதினேன்: கட்டணங்களை நீக்குதல், நிலுவையில்லாச் சான்று, நான்கு தகவல் நிறுவனங்களிலும் திருத்தம்.

ஜூலை 16 அன்று வந்த பதில் என் நான்கு கேள்விகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகவும், கணக்கில் நிலுவை இருப்பதாகவும், சிறப்புச் சலுகையாக 3,000 ரூபாய் கட்டினால் கணக்கை முடித்துத் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். மறுநாளே வசூல் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்து அதையே சொன்னார். என் தம்பிக்கும் அது சரியாகவே பட்டது. "மூவாயிரத்துக்காக ஏன்க்கா இவ்வளவு அலைச்சல்? கட்டிட்டு வீட்டு வேலையைப் பாரு" என்றான். அவன் என் நல்லதற்குத்தான் சொன்னான். ஆனால் இந்த இடத்தில் பலர் தெரியாமல் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அப்படிச் சமரசத் தொகை கட்டினால் 'ரிட்டன் ஆஃப்' என்பது 'செட்டில்டு' என்று மாறும். அதாவது கடன் வாங்கியவர் முழுத் தொகையைக் கட்டவில்லை, கொடுத்தவர் மீதியை விட்டுக்கொடுத்தார் என்று பதிவாகும். அடுத்து கடன் கொடுக்க வருபவர் கண்ணில் அதுவும் ஒரு கறைதான். அதைவிட முக்கியமாக, பணம் கட்டுவது அந்த நிலுவை என்னுடையதுதான் என்று நானே கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நான் கட்டவில்லை.

ஜூலை 18 அன்று வங்கியில் புகார்களுக்குப் பொறுப்பான முதன்மை நோடல் அதிகாரிக்கு முழுக் கோப்பையும் அனுப்பினேன். இங்கே ஒரு விதி உதவியது. பெரிய வங்கிகளில் உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்க வங்கி முடிவு செய்தால், இறுதிப் பதிலுக்கு முன் அதை அவர் பார்வைக்கு வைத்தாக வேண்டும். என் புகார் அவரிடம் வைக்கப்பட்டதா என்று ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்தேன். ஆகஸ்ட் 9 அன்று வந்த பதில், முந்தைய கடிதத்தையே தேதி மாற்றி அனுப்பியதாக இருந்தது. ஐந்தாவது கேள்விக்கும் மௌனம்தான்.

ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கியின் தளத்தில் புகாரைப் பதிந்தேன். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் மூலம் தாக்கல் செய்யவும் இத்திட்டத்தில் இடமில்லை. நீதிமன்றத்தில் இதே விஷயம் நிலுவையில் இருக்கக் கூடாது. அப்போதைய விதிப்படி, நிறுவனத்தின் பதில் வந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டியிருந்தது. புகார்கள் முதலில் சண்டிகரில் உள்ள மையப் பிரிவில் ஆராயப்படுகின்றன. 2023-24 ஆம் ஆண்டில் இத்திட்டத்தின் கீழ் வந்த புகார்கள் 9 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. முதலில் நிறுவனத்திடம் முறையிடாமல் வருபவை, உரிய விவரமோ சான்றோ இல்லாதவை அவற்றில் நிறைய. என் ஜூன் மாதக் காகிதத் துண்டும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். இப்போது இணைப்புகள் ஏழு: ரத்து மின்னஞ்சல், ஒப்புகை, வங்கி அறிக்கை, என் இரண்டு கடிதங்கள், அவர்களுடைய இரண்டு பதில்கள். புகார் ஏற்கப்பட்டு, வேறொரு மாநிலத்தில் உள்ள குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் எல்லை பார்க்காமல் ஒதுக்குவது இத்திட்டத்தின் முறை என்பதால் நான் எங்கும் நேரில் போக வேண்டியிருக்கவில்லை.

அப்போதைய விதிப்படி, குறைதீர்ப்பாளர் கேட்ட 15 நாளுக்குள் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 23 அன்று காலை, அதுவரை பெயரோ நேரடி எண்ணோ இல்லாத கடிதங்கள் மட்டுமே வந்துகொண்டிருந்த அந்த வங்கியிலிருந்து ஓர் அதிகாரி தம் பெயரையும் பதவியையும் சொல்லி அழைத்தார். என் ரத்துக் கோரிக்கை அவர்கள் பதிவில் இருப்பதாகவும், கட்டணங்கள் நீக்கப்படும் என்றும் சொன்னார். ஆறு ஆண்டுகளாக அந்த மின்னஞ்சல் அவர்களிடமே இருந்திருக்கிறது. தேடிப் பார்க்கும் அவசியம் ஒருவருக்கு நேர்ந்ததும் கிடைத்துவிட்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அந்த அதிகாரி தன்மையாகவே பேசினார். ஆனால் இறுதியில், புகாரைத் திரும்பப் பெறுவதாக அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பும்படி கேட்டார். சான்றும் திருத்திய அறிக்கையும் கைக்கு வந்த பிறகே எழுதுவேன் என்றேன். அந்தப் பேச்சின் சுருக்கத்தையும் அன்று மாலையே அவருக்கு எழுதி அனுப்பி, அதன் நகலைக் கோப்பில் சேர்த்தேன்.

செப்டம்பர் 2 அன்று நிலுவையில்லாச் சான்று வந்தது. செப்டம்பர் 19 அன்று எடுத்த அறிக்கைகளில், நான் முதலில் மறுப்புத் தெரிவித்த நிறுவனம் உட்பட மூன்றில் கணக்கு 'மூடப்பட்டது', நிலுவை பூஜ்யம் என்று மாறியிருந்தது. நான்காவதற்கு வங்கி திருத்தத்தை அனுப்பவில்லை என்று தெரிந்து அதைக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்தேன்.

இழப்பீடு பற்றிய பகுதி எனக்கு மனநிறைவாக முடியவில்லை. 2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, கடன் விவரம் குறித்த புகார் 30 நாளில் தீராவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும். அந்த 30 நாளில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். ஜூன் 12 முதல் 30 நாள் கழித்து, ஜூலை 12 முதல் செப்டம்பர் 19 வரை கணக்கிட்டு, ஏறக்குறைய 7,000 ரூபாய் கேட்டேன். தாங்கள் 21 நாளுக்குள்ளாகவே பதில் அளித்துவிட்டதாக வங்கி சொன்னது. உண்மைதான், 19 நாளில் பதில் வந்தது, தவறான பதில். தவறான பதிலைக் காலத்தோடு தருவதும் தீர்வாகுமா என்பதுதான் என் கேள்வி. குறைதீர்ப்பாளர் அலுவலகத்தின் சமரச முயற்சியில், பொறுப்பை ஏற்காமல் நல்லெண்ண அடிப்படையில் 5,000 ரூபாய் தர வங்கி முன்வந்தது. வீட்டுக் கடன் காத்திருந்தது, ஒத்துக்கொண்டேன். இருவரும் இசைந்து முடித்த புகாரில் யார் பக்கம் தவறு என்ற தீர்ப்பு எழுதப்படுவதில்லை என்பதை அறிந்தே ஒத்துக்கொண்டேன். அதனால் ரிசர்வ் வங்கியின் பதிவேட்டில் என் புகார் 'சமரசத்தில் முடிந்தது' என்று இருக்கிறது. ஒரு வங்கி தன் கையில் இருந்த சான்றைத் திறந்து பார்க்காமல் இரண்டு முறை என்னைக் கடன்காரி என்று உறுதி செய்தது என்பது, என் கோப்பைத் தவிர வேறு எந்தப் பதிவிலும் இல்லை.

நான்காவது அறிக்கை அக்டோபர் 14 அன்று திருந்தியது. நான்கு அறிக்கைகளையும் அச்சிட்டு, நிலுவையில்லாச் சான்றோடு சேர்த்து, வீட்டுக் கடன் கேட்டிருந்த வங்கிக்கு எடுத்துச் சென்றேன். அதே அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, சான்றின் நகலில் என்னிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் கடன் அனுமதிக் கடிதம் வந்தது.