பிக்கப்பில் ஏற்றி இறக்கும் கூண்டும் முன்பாரக் கணக்கும்

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் வாழையும் மஞ்சளும் பயிராகின்றன. வாழைத்தார் ஏற்றவும், உரம் கொண்டுவரவும், பழுதான மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்து வாங்கவும் வாரத்தில் ஐந்து நாள்களாவது ஒரு சுமை வண்டி தேவைப்படுகிறது. ஆண்டில் பத்துப் பதினைந்து இரவுகளாவது வெளியூரில் எங்களுடைய படுக்கையிலேயே படுத்து, எங்களுடைய அடுப்பிலேயே காப்பி வைத்துக் குடிக்க வேண்டும் என்பது என் மனைவிக்கும் எனக்கும் நெடுநாள் ஆசை. இரண்டு வண்டி வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஒரு வேனை நிரந்தரமாக வீடாக மாற்றிவிட்டால் தோட்ட வேலை நின்றுவிடும். ஆகவே, பிக்கப்பின் தொட்டியில் ஏற்றிப் பூட்டிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் நான்கு கால்களில் நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளக்கூடிய கூண்டு ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்தோம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய கூண்டுகள் பல பத்தாண்டுகளாக ஆயத்தமாகவே விற்கப்படுகின்றன. இங்கே நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

இதில் நான் செய்த முதல் தவறு, கூண்டின் எடை தெரிவதற்கு முன்பே வண்டி பார்க்கக் கிளம்பியது. ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற இரட்டைக் கேபின் வண்டிகளின் தோற்றமும் நான்கு சக்கர இழுவையும் என்னைக் கவர்ந்திருந்தன; முன்பணம் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அந்த நிலையில், நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை மேஸ்திரி ஒருவரிடம் யோசனை கேட்கப் போனேன். நான் வண்டியின் குதிரைத்திறனைச் சொல்லிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுங்ண்ணா, பொட்டி எத்தன கிலோ வருமுங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பார்த்து வைத்திருந்த இரட்டைக் கேபின் வண்டியின் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழை, அன்று மாலையே வாங்கிப் படித்தேன். சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்கும் வண்டியின் வெற்று எடைக்கும் இருந்த வேறுபாடு 500 கிலோவைத் தொடவில்லை. நாங்கள் இருவரும் ஏறி அமர்ந்தாலே அதில் 140 கிலோ போய்விடும்.

இரண்டாவது தவறு பணத்தைத் தின்றது. நாமக்கல் வரை போய்வர வேண்டாமே என்று, பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் கூண்டைக் கட்டக் கொடுத்தேன். 500 கிலோவுக்குள் முடித்துத் தருவதாக வாக்களித்தவர்கள், இரும்புச் சதுரக் குழாய்களால் சட்டம் அடித்து, சுவர், தரை, அலமாரி என்று எல்லாவற்றுக்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைப் பயன்படுத்திவிட்டார்கள். எட்டடிக்கு நான்கடி அளவுள்ள அத்தகைய பலகை ஒன்றே சுமார் 35 கிலோ வரும். அப்படிப் பன்னிரண்டு பலகைகள் போனால் 420 கிலோ பலகைக்கே ஆகிவிடுகிறது. அரிசி ஆலை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு தலையணையும் இல்லாத வெறும் கூண்டு 780 கிலோ காட்டியது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அந்தக் கூண்டு இன்று எங்கள் தோட்டத்தில் உர மூட்டை வைக்கும் அறையாக இருக்கிறது.

இரண்டாவது கூண்டை நாமக்கல் மேஸ்திரியே கட்டினார். குளிரூட்டப்பட்ட வண்டிகளுக்குப் பயன்படுத்தும் பஃப் பேனல்களை (இரு தகடுகளுக்கு இடையே நுரை நிரப்பிய பலகைகள்) சுவருக்கும் கூரைக்கும் வைத்து, அலுமினியச் சட்டத்தால் மூலைகளை இணைத்து, அலமாரிகளுக்குக் கதவே இல்லாமல் துணித்திரை தொங்கவிட்டோம். வெறும் எடை 410 கிலோ. ஆனால் வெறும் எடையை நம்பி வண்டி வாங்கக் கூடாது. புறப்படும் நாளன்று உள்ளே என்னென்ன இருக்குமோ அத்தனையும் சேர்ந்த எடைதான் கணக்குக்கு உதவும். தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் வரும் என்பதால், விலை கூடுதலானாலும் பன்னிரண்டு கிலோவுக்குள் அடங்கும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியை வாங்கினேன். ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர், சோலார் பலகைகள், மெத்தை, பாத்திரம், துணிமணி, அரிசி பருப்பு, ஸ்டெப்னி என்று ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் குறித்துக் கூட்டியபோது 640 கிலோ வந்தது. அதற்குப் பிறகுதான் வண்டி பார்க்கப் போனேன்.

பொலேரோ பிக்கப், டாடா யோதா போன்ற வண்டிகள் நம் ஊர்ச் சந்தைகளில் தினமும் ஒரு டன்னுக்கு மேல் சுமப்பவை. அவ்வகையில் ஒற்றைக் கேபின் வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்; அதன் ஆர்.சி.யில் மொத்த எடை 2,990 கிலோ. தொட்டி எட்டடிக்கு மேல் நீளம், தரை முழுவதும் சமதளம், பக்கப் பலகைகள் கீழே மடங்கும். இரட்டைக் கேபின் வண்டிகளில் தொட்டி ஐந்தடி அளவோடு நின்றுவிடுவதும், சக்கர மேடு தொட்டிக்குள் புடைத்து நின்று அகலத்தைக் குறைப்பதும் கூண்டுக்குப் பெரும் இடைஞ்சல். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதும் எனக்கு வசதியாக அமைந்தது.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்நோம்பிக்கும் மாட்டுச் சந்தைக்கும் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போய், வண்டிக்குள்ளேயே படுத்து, வண்டிக்கடியிலேயே சமைத்துச் சாப்பிட்டு வந்தவர். வண்டியில் மூட்டை ஏற்றியதும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். "முன்பாரம் கொஞ்சம் இருக்கோணும் கண்ணு. பின்பாரம் ஏறுச்சுன்னா நொகம் மேல எந்திரிச்சுப் பூட்டாங்கயிறு மாட்டுத் தொண்டைய நெரிச்சுப்போடும்" என்பார். பிக்கப்புக்கும் அதே கணக்குத்தான். இங்கே மாட்டின் இடத்தில் இருப்பவை ஸ்டியரிங்கைக் கேட்டு நடக்கும் முன்சக்கரங்கள். என் வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மீட்டர். 600 கிலோ கூண்டின் எடை மையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் விழுந்தால், பின் அச்சில் 660 கிலோ ஏறுகிறது. முன் அச்சிலிருந்து 60 கிலோ தூக்கப்படுகிறது. அதே கூண்டை 60 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, மையத்தைப் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால், பின் அச்சில் 540 கிலோவும் முன் அச்சில் 60 கிலோவும் ஏறுகின்றன. கூண்டின் எடை ஒரு கிலோகூடக் குறையாமல், பின் அச்சின் பாரம் மட்டும் 120 கிலோ குறைகிறது. தொட்டி குட்டையாக இருந்து கூண்டு பின்னால் நீட்டிக்கொண்டு நின்றால், வண்டி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. நான் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் கேபினை ஒட்டித் தரையிலேயே வைத்ததும், மேலலமாரியில் துணிகளைத் தவிர வேறெதையும் வைக்காததும் இதனால்தான்.

அச்சின் மேல் வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில் போன்ற கமான் பட்டை கூடுதலாக ஒன்று போட்டுத் தருகிறோம் என்று பலர் சொன்னார்கள். பட்டை சேர்த்தால் வண்டியின் பின்புறம் நிமிரும் என்பது உண்மை. ஆனால் பிரேக்கும் அச்சும் பேரிங்கும் பழையவையாகவே இருக்கும், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் மாறாது. எடை அளவுக்குள் இருந்ததால் எனக்கு அது தேவைப்படவில்லை. பணத்தை டயரில் போட்டேன். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோவும், 104 என்றால் 900 கிலோவும், 108 என்றால் 1,000 கிலோவும் தாங்கும். DOT என்று தொடங்கும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயரைத் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்.

கூண்டைத் தொட்டியின் தகட்டில் கட்டக் கூடாது, தகடு கிழிந்துவிடும். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் ஏற்கனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டுக் கொக்கி அமைத்து, நான்கு மூலைகளிலும் டர்ன்பக்கிளால் (முறுக்கினால் இறுகும் திருகு) இழுத்துப் பூட்டினோம். அடியில் ரப்பர் பாய். புறப்பட்டு முப்பது கிலோமீட்டரில் நிறுத்தி மீண்டும் முறுக்கிப் பார்ப்பதை இன்றும் கைவிடவில்லை. சேஸை வெட்டவோ பற்றவைக்கவோ இல்லை. வண்டியின் அமைப்பை ஆர்.சி. விவரங்களுக்கு மாறாகத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. இத்தகைய கூண்டு செய்ய நினைப்பவர்கள் தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. வண்டி ஓடும்போது கூண்டுக்குள் யாரும் இருக்கவே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும்; ஆகவே சிலிண்டர் அறைக்கு வெளிப்புறக் கதவும் அடித்தட்டில் காற்றுத் துளைகளும் வைத்தோம்.

எல்லாம் முடிந்ததும், தண்ணீர் நிரப்பி, டீசல் நிரப்பி, நாங்கள் இருவரும் ஏறி அமர்ந்து, அதே அரிசி ஆலை எடை மேடைக்குப் போனோம். முழு வண்டி 2,490 கிலோ. பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியபோது 1,110. பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தியபோது 1,380. மேடைக்காரர் மூன்று சீட்டு எதற்கென்று கேட்டார்; கணக்கைச் சொன்னதும், அவரே வெளியே வந்து பின் டயரைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலைப்பாதையில் ஏறினோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங் கனமாக, கையோடு பேசிக்கொண்டே வந்தது. ஒரு வளைவில்கூட முன்சக்கரம் லேசாகித் தவழவில்லை. புலிகள் காப்பகத்துக்குள் சாலையோரம் தங்க அனுமதியில்லை என்பதால், தாளவாடியில் உறவினர் தோட்டத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். இறங்கும்போது தண்ணீரைக் காலி செய்துவிட்டு, இரண்டாவது கியரிலேயே வந்தோம். அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தேன், பிரேக் டிரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

ஞாயிறு இரவு ஏழு மணிக்குக் கொட்டகைக்குள் வந்து, நான்கு ஜாக்கிகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக உயர்த்தி, கூண்டு தொட்டியை விட்டு நான்கு விரற்கடை எழும்பியதும் வண்டியை முன்னால் எடுத்தேன். கால்களுக்கும் தொட்டிக்கும் இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிதான் என்பதால், என் மனைவி டார்ச் பிடித்து, "இன்னுங் கொஞ்சம் வாங்க, நேரா வாங்க" என்று வழிகாட்டினாள். திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு அதே தொட்டியில் வாழை இலைச் சருகைப் பரப்பி, நாற்பது தார் நேந்திரம் ஏற்றினோம்.